எழுத்தை ஊமையாக்கிய பேரறிஞர்

ஓரினத்தின் நாவை அறுக்க வாள்தான் வேண்டும் என்பதில்லை. மதிப்புற்ற கையொன்று பிடித்த எழுதுகோலே போதும். நடு அமெரிக்காவின் மாயர்தம் எழுத்து இருமுறை ஊமையாக்கப்பட்டது. முதன்முறை, 1562-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், யுக்காத்தான் நிலத்து மானி என்னும் ஊரில், தியேகோ தே இலாந்தா என்னும் இசுப்பானியத் துறவி மூட்டிய தீயில். இரண்டாம் முறை, 20-ஆம் நூற்றாண்டின் நடுவில், ஆய்வு நூல்களின் அச்சு மையில். தீ மூட்டியவனை இன்று உலகம் ஏசுகின்றது. மை தீட்டியவர்க்கோ இங்கிலாந்து 1975-இல் 'சர்' பட்டம் சூட்டிச் சிறப்புச் செய்தது. அவர்தாம் மாயர் தொல்லியலின் முடிசூடா மன்னராக விளங்கிய எரிக் தாம்சன்.

அவரைக் கயவர் என்று தூற்ற நாம் வரவில்லை. கயவராக இருந்திருப்பின் இக்கட்டுரைக்கே தேவை இராது. 1898-ஆம் ஆண்டின் கடைசி நாளன்று இலண்டனில் பிறந்தவர். அகவையை மிகுத்துக் கூறி முதல் உலகப்போரில் சேர்ந்து புண்பட்டவர். பின்னர் அர்ச்செந்தீனப் புல்வெளிகளில் குதிரையேறி மாடோட்டித் திரிந்தவர். கேம்பிரிட்சில் மாந்தவியல் கற்று, 1926-இல் சிச்சேன் இட்சாவில் கார்னகி நிறுவனத்தார் நடத்திய அகழாய்வில் வேலைக்கமர்ந்தார். அடுத்துச் சிக்காகோவின் பீல்டு அருங்காட்சியகம். 1935 முதல் 1958 வரை மீண்டும் கார்னகி நிறுவனம். மாயர் நாட்கணக்கை நம் காலத்து ஆண்டுக்கணக்கோடு பொருத்திக் காட்டிய மூவருள் அவரும் ஒருவர். 1962-இல் அவர் வெளியிட்ட எழுத்துரு அட்டவணையின் எண்களை, அவர் பெயரின் முதலெழுத்தை முன்னொட்டி, இன்றும் ஆய்வாளர் ஆளுகின்றனர். பெலீசு நாட்டுச் சிற்றூர்களில் மாயரோடு உண்டு உறைந்து, அவர்தம் உழவுச் சடங்குகளையும் நம்பிக்கைகளையும் பரிவோடு எழுதியவர். காடு வெட்டி வழி காட்டிய மாயத் தோழர்களை வாழ்நாள் முழுதும் மறவாதவர்.

இத்துணையும் உண்மை. இத்துணை உழைப்பும் அன்பும் உடையவர்தாம், அம்மக்களின் மூதாதையர் கல்லில் பொறித்த எழுத்தில் பேச்சே இல்லை என்றார்!

அவர் கொள்கை இது. மாயர் எழுத்துருக்கள் ஒலிக்குரியன அல்ல. கருத்துக்கும் கடவுளுக்கும் காலத்துக்கும் உரியன. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொல்விளையாட்டு இருக்கலாம். மற்றபடி ஒரு மொழியின் சொல்லும் வேற்றுமையும் வினைமுற்றும் தொடர்ந்தோடும் எழுத்தன்று அது. கற்றூண்களில் அரசர் பெயர் இல்லை. பிறப்பு இல்லை, இறப்பு இல்லை, போர் இல்லை, வெற்றி இல்லை. காலத்தைத் தொழுத துறவியர் நாளை எண்ணி எண்ணிக் கல்லில் வெட்டினர். அந்நகரங்களிலும் மக்கள் வாழவில்லை. விழாவுக்கு வருவர், வணங்குவர், போவர். 1950-இல் வெளிவந்த அவருடைய மாய எழுத்தியல் பெருநூல் இக்கொள்கையின் கோட்டையாக நின்றது. 1946-இல் போனம்பாக்கில் சுவரோவியங்கள் வெளிப்பட்டன. போர்க்களமும், நகங்களிலிருந்து குருதி சொட்டும் சிறைப்பட்டோரும், மேலே நிமிர்ந்து நிற்கும் மன்னனும் வண்ணத்தில் கிடந்தனர். அதனையும் ஏதோ சிறு தாக்குதல் என்று சொல்லிக் கடந்துவிட்டனர். கண்ணெதிரே தீட்டிக்கிடந்த ஓவியத்தைவிட, நெஞ்சுக்குள் தீட்டி வைத்த ஓவியமே அவர்களுக்கு மெய்யாக இருந்தது.

எண்ணிப் பாருங்கள், தமிழ் நெஞ்சங்களே! ஊர்தோறும் கல் நட்டு, கல்தோறும் நுணுக்கமாய் எழுத்து வெட்டி, சுண்ணமும் வண்ணமும் தீட்டிய ஒரு மக்கள், தம் அரசன் பெயரை ஒருமுறைகூட எழுதியிருக்கமாட்டார்களா? எகித்தியன் எழுதினான், சுமேரியன் எழுதினான், சீனன் எழுதினான். மாயன் மட்டும் வாயில்லாத் துறவியாம்! இதனைப் புகழுரை என்றே பலரும் மயங்கினர். உலகியல் கடந்த மெய்யறிவினர் என்று ஓரினத்தை உயரத்தில் தூக்கி வைத்தல் மிக எளிது. அவ்வாறு தூக்கியபின், அவர்க்கு வரலாறு வேண்டியதில்லை, மொழி வேண்டியதில்லை, அவர்தம் பெயரர் இன்னும் அதே மொழிக்குடும்பத்தைப் பேசிக்கொண்டு அதே மலைச்சரிவில் மக்காச்சோளம் விதைக்கின்றனர் என்பதையும் நினைக்க வேண்டியதில்லை.

இனி, தீ மூட்டிய இலாந்தாவுக்கு வருவோம். 27 சுவடிகள் மானியில் எரிந்தன என்பர். மரப்பட்டைத் தாளில் எழுதி விசிறிபோல் மடித்த அவ்வகைச் சுவடிகளுள் இன்று உலகில் எஞ்சியவை நான்கே. எரித்த அதே கை, 1566-ஆம் ஆண்டு அளவில் யுக்காத்தான் மக்களைப் பற்றி ஒரு நூலும் எழுதியது. அதனுள், மாயர் எழுத்தின் நெடுங்கணக்கு என்று தான் கருதிய ஒரு பட்டியலையும் வரைந்து வைத்தான். அந்நூலின் படி 1862-இல் மத்திரிதில் கண்டெடுக்கப்பெற்று 1864-இல் அச்சேறியது. அறிஞரெல்லாம் அப்பட்டியலைக் கொண்டு சுவடிகளைப் படிக்க முயன்றனர்; ஒன்றும் விளங்கவில்லை. ஆதலால் பட்டியலே பொய்யென்று ஒதுக்கினர். 1933-இல் ஊர்ஃபு என்னும் அமெரிக்க மொழியறிஞர் ஒலிவழியைத் தேடிப் புறப்பட்டார். அவர் செய்த பிழைகளை எடுத்துக்காட்டித் தாம்சன் அவ்வழியையே அடைத்துவிட்டார்.

பட்டியல் பொய்யன்று, அதைப் பார்த்த பார்வையே பொய். தமிழருக்கு இது நொடியில் விளங்கும். ஆங்கிலேயன் ஒருவன் நம் புலவர் ஒருவரை எதிரில் இருத்தி, 'பி', 'சி', 'டி' என்று சொல்லிச் சொல்லி, "உன் எழுத்தில் எழுது" என்றால் அவர் என்ன எழுதுவார்? பி, சி, டி என்னும் உயிர்மெய்களைத்தாமே எழுதுவார்! அந்த ஆங்கிலேயன் அவற்றை ஒற்றெழுத்துகள் என்று கொண்டு தமிழ் படிக்கத் தொடங்கினால் உருப்படுமா? இலாந்தா செய்தது அதுவே. இசுப்பானிய எழுத்துகளின் பெயரை ஒவ்வொன்றாய்ச் சொன்னான். எதிரிலிருந்த மாய எழுத்தன் அவ்வொலிக்குரிய அசையெழுத்தை வரைந்தான். 'பே' என்றான், மாய மொழியில் 'பே' வழியைக் குறிக்கும் சொல்லாதலின், அடிச்சுவடு பதிந்த பாதையின் உருவை எழுத்தன் வரைந்தான். ஏதேனும் ஒரு தொடர் எழுது என்றபோது அவன் எழுதித் தந்தது, 'மா இன் காத்தி'. 'எனக்கு விருப்பமில்லை' என்பது அதன் பொருள். இலாந்தா அதையும் ஒரு மாதிரித் தொடராகத் தன் ஏட்டில் ஒழுங்காகப் படியெடுத்துக்கொண்டான்!

இச்சிக்கலை அவிழ்த்தவர் மாயர் நிலத்தில் அதுவரை கால்வைத்தும் அறியாதவர். யூரி குனோரோசோவ் 1922-இல் கார்க்கோவ் நகரருகே பிறந்தார். இரண்டாம் உலகப்போரில் செம்படையில் பணிசெய்து, மாசுக்கோவில் கல்வி முடித்து, இலெனின்கிராதில் வேலைக்கமர்ந்தார். 1945-இல் செல்லாசு என்னும் செருமானிய அறிஞர் மாயர் எழுத்து அவிழ்க்கவே இயலாத சிக்கலோ என்று எழுதியிருந்தார். அக்கட்டுரையே இவரைத் தூண்டியது. மாந்தன் ஒருவன் இயற்றியதை மற்றொரு மாந்தன் ஏன் அவிழ்க்க இயலாது என்பது இவர் துணிவு. 1952-இல், அகவை முப்பதும் நிரம்பாமல், தம் முடிவை ஓர் உருசிய இதழில் வெளியிட்டார்.

அவர் வழி எளிது, எளிதாதலின் அழகியது. முதலில் எழுத்துருக்களை எண்ணினார். சில நூறு தேறின. ஒலியன்களை மட்டும் எழுதும் நெடுங்கணக்கிற்கு அவ்வெண் மிகப் பெரிது. சீனம்போல் சொல்லுக்கொரு உரு எழுதுவதற்கு மிகச் சிறிது. ஆகவே இது கலப்பெழுத்து. சில உருக்கள் சொல்லைக் குறிக்கும், சில அசையைக் குறிக்கும் என்று தெளிந்தார். பிறகு இலாந்தாவின் பட்டியலை எடுத்தார். சுவடியில் வான்கோழி ஓவியத்தின் மேல் ஈரெழுத்து. முன்னது இலாந்தாவின் 'கு'. யுக்காத்தான் மாயமொழியில் வான்கோழி 'குட்ச்', எனவே பின்னது 'ட்சு' ஆதல் வேண்டும், ஈற்றுயிர் ஒலிப்பதில்லை. சரி, இது வெறும் ஊகமா? நாயின் ஓவியத்தின் மேல் பாருங்கள்: முன்னெழுத்து அதே 'ட்சு', பின்னெழுத்து இலாந்தாவின் 'லு'. நாய்க்கு அம்மொழியில் 'ட்சுல்'. இன்னோரிடத்தில் பதினொன்று என்னும் எண் வரவேண்டிய இடத்தில் மூவெழுத்து, முதலாவது சிதைந்துவிட்டது, எஞ்சியவை 'லு', 'கு'. பதினொன்று அம்மொழியில் 'புலுக்'. ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கும் மூன்று சான்றுகள்! (மொழிமுதலில் 'ட்சு' வருதல் தமிழ் மரபன்று, மாயர் ஒலியைக் காட்டவேண்டி அவ்வாறு எழுத நேர்ந்தது, பொறுத்தருள்க.)

இதற்குத் தாம்சன் என்ன விடை கூறினார்? 1953-இல் மெக்சிக்கோ இதழொன்றில் பாய்ந்தார். குனோரோசோவின் கட்டுரைக்கு இதழாசிரியர் மார்க்சிய முறையின் வெற்றி என்றொரு முன்னுரை ஒட்டியிருந்தார். அற்றை உருசியாவில் அஃதில்லாமல் ஒன்றும் அச்சேறாது. தாம்சனுக்கு அதுவே அவலாயிற்று. பொதுவுடைமையர் பரப்புரை என்று கிளம்பினார். வான்கோழிக்கும் பொதுவுடைமைக்கும் என்ன உறவு? 'ட்சு' என்னும் அசை எந்தக் கட்சியைச் சேர்ந்தது? குனோரோசோவின் படிப்புகளுள் பிழையானவையும் பல இருந்தன, உண்மை. தாம்சன் அப்பிழைகளையே பொறுக்கியெடுத்து, நெறி முழுதும் பிழை என்று முடித்தார். அவர் புகழ்க்கு அஞ்சி ஏனையோர் வாய் திறக்கவில்லை. தாவீது கெல்லியும் மைக்கேல் கோவும் போல ஒரு சிலரே துணிந்து உருசியர் பக்கம் நின்றனர். 1962-இல் கெல்லி சிச்சேன் இட்சாக் கல்வெட்டில் ககுப்பக்கால் என்னும் பெயரை அசையசையாகப் படித்துக் காட்டினார். அப்போதும் மலை அசையவில்லை. கோவுக்கு 1957-இல் எழுதிய மடலொன்றில், நீர் 2000-ஆம் ஆண்டைக் காண்பீர், அன்று பார்த்து அறிந்துகொள்ளும் என்னும் பொருள்படத் தாம்சன் அறைகூவல் விடுத்திருந்தார்.

குனோரோசோவோ அறைகூவலுக்கு நேரில் விடை கூறவும் இயலாதவராய் இருந்தார். 1956-இல் கோபனேகன் மாநாட்டுக்கு ஒருமுறை விட்டார்கள். அதன்பின் நெடுங்காலம் நாட்டை விட்டு வெளியே செல்ல அவரை அவர் நாட்டு ஆட்சியர் விடவில்லை. ஒருபுறம் அவரைப் பொதுவுடைமையர் என்று இகழ்ந்த மேலைநாட்டார். மறுபுறம் அவரைப் பூட்டி வைத்த பொதுவுடைமை ஆட்சி. இரண்டுக்கும் நடுவில் இலெனின்கிராது அருங்காட்சியகத்தின் ஓர் இருக்கையில் அமர்ந்து, 1963-இல் தம் பெருநூலையும் 1975-இல் சுவடிகளின் மொழிபெயர்ப்பையும் வெளியிட்டார்.

தாம்சன் கோட்டையின் மறுபாதியை உடைத்தவர் அவர் அருகிலேயே வேலைசெய்த ஓர் அம்மையார். தாத்தியானா புரோசுக்குரியாக்கோவ், 1909-இல் சைபீரியாவில் பிறந்து சிறுமியாக அமெரிக்கா சென்றவர். கட்டடக்கலை கற்று 1930-இல் பட்டம் பெற்றார். நாடெங்கும் வேலையில்லாக் காலம். படம் வரையும் கைத்திறனால் 1936-இல் பியேதிராசு நேக்ராசு அகழாய்வில் இடம் கிடைத்தது. மாந்தவியலில் முனைவர் பட்டம் ஏதுமில்லை. ஆனால் கண் இருந்தது. அவ்வூர்க் கற்றூண்கள் குழுக்குழுவாக நிற்பதையும், ஒவ்வொரு குழுவின் நாட்களும் ஒரு மாந்த வாழ்நாளுக்குள் அடங்குவதையும் கண்டார். குழுதோறும் ஒரு நாளுக்கருகே தலைநிமிர்ந்த தவளை போன்ற உரு, அது பிறப்பு. பல்லாண்டு கழிந்த மற்றொரு நாளுக்கருகே பல்வலிக்குக் கட்டுப் போட்டாற் போன்ற உரு. அது அரியணை ஏறிய நாள். 1960-இல் அவர் வெளியிட்ட அச்சிறு கட்டுரையில் துறவியர் மறைந்தனர். அரசரும் அரசியரும் பிறந்தனர். அதற்கு ஈராண்டு முன்பே ஐன்றிக் பெர்லின் ஊர்தோறும் மாறும் முத்திரை உருக்களைச் சுட்டிக்காட்டியிருந்தார்.

தாம்சன் பெருந்தன்மையைச் சொல்லாமல் விடுதல் முறையன்று. அம்மையார் கருத்தை அவர் ஒப்புக்கொண்டார். கற்றூண்களில் வரலாறே இல்லை என்ற தம் பழங்கொள்கை வீழ்ந்ததென்று எழுத்திலேயே கூறினார். எனினும் ஒலி என்றவுடன் மட்டும் இறுதிவரை இறங்கவில்லை. இதைத்தான் நாம் கூர்ந்து நோக்குகின்றோம். அரசர் இருந்தனர் என்பதை விட்டுக்கொடுக்க முடிந்தது. அவ்வரசர் தம் தாய்மொழியில் பேசியதையே கல்லில் எழுதினர் என்பதை விட்டுக்கொடுக்க முடியவில்லை! 1975 செப்டம்பரில் பட்டத்தோடு அவர் மறைந்தார். அதற்கு முன்னரே, 1973 திசம்பரில் பலேங்கேயில் கூடிய ஒரு சிறு கூட்டத்தில், இலிண்டா சீல், பீட்டர் மாத்தியூசு, புளோயிடு இலவுன்சுபரி ஆகியோர் பக்கால் என்னும் மன்னன் வழியினரின் வரலாற்றைக் கல்லெழுத்திலிருந்து தொடராகக் கோத்துவிட்டனர். கேடயம் என்று பொருள்படும் அப்பெயர், ஓரிடத்தில் கேடய உருவாகவும் மற்றோரிடத்தில் ப-க-ல என்னும் மூவசையாகவும் எழுதப்பட்டிருந்தது. 2000-ஆம் ஆண்டு வருமுன்பே கல்வெட்டுகளிற் பெரும்பகுதி படிக்கப்பெற்றுவிட்டது.

இங்கு நம் வீட்டுச் செய்தி ஒன்று குறுக்கிடுகின்றது. இதே குனோரோசோவ் 1960-களில் சிந்துவெளி முத்திரைகளையும் கையிலெடுத்தார். அவர் தலைமையில் உருசியக் குழுவினர் கணிப்பொறி துணைகொண்டு உருக்களின் வைப்புமுறையை ஆய்ந்து, அம்மொழியின் அமைப்பு திரவிட மொழிகளை ஒத்தது என்று 1965 முதல் வெளியிட்ட அறிக்கைகளில் கூறினர். அம்முடிவு நமக்கு இனிக்கின்றது. ஆயினும் சிந்து எழுத்து இன்னும் படிக்கப்படவில்லை. படிக்கப்பட்டதென்று நாளொருவர் அறிவிப்பதால் அது படிக்கப்பட்டதாகிவிடாது. ஏனெனில் அங்கே இலாந்தாவின் பட்டியலும் இல்லை. வான்கோழிக்கு மேல் நாயும், நாய்க்குமேல் பதினொன்றுமாக ஒன்றையொன்று தாங்கும் சான்றும் இன்னும் வாய்க்கவில்லை.

அதனினும் கசப்பான ஒன்றையும் சொல்லியே ஆகவேண்டும். மாயர் என்ற பெயரைக் கேட்டவுடன் நம் மயன் நினைவுக்கு வர, மாயர் தமிழரே என்று எழுதுவார் நம்மிடையே உளர். யுக்காத்தான் மக்கள் தம் மொழியை 'மாய தான்' என்பர். 'தான்' என்றால் அங்கே பேச்சு. அவர்கள் கல்வெட்டில் ஞாயிறு 'கின்', அரசன் 'அகாவ்', மலை 'விட்ச்', கல் 'தூன்'. இவற்றுள் எது தமிழ்? அவ்வூர்ப் பெரும்பூனையாம் சாகுவாருக்கு 'பலாம்' என்று பெயர். அதைக் கேட்டவுடன் 'பலம்' என்று தாவ நினைப்பவர், பலம் தமிழ்ச்சொல்லே அன்று என்பதையாவது நினைக்கட்டும்! மாயனின் கல் மாய மொழியில் பேசவில்லை என்றார் தாம்சன். மாயனின் கல் நம் மொழியில் பேசுகிறது என்கிறோம் நாம். அவன் வாயைப் பொத்துவதில் இரண்டு கைக்கும் என்ன வேறுபாடு? நம் மூதாதையர் கல்லைப் பிறன் ஒருவன் தன் மொழியென்று உரிமை கொண்டாடும்போது எரிகின்ற நம் நெஞ்சு, இங்கு மட்டும் ஏன் குளிர்கின்றது?

மாயர் மறைந்த மக்கள் என்று பள்ளிப் பொத்தகங்கள் கதை சொல்லும். மறையவில்லை. முப்பதளவு மாய மொழிகளைப் பேசிக்கொண்டு பன்னூறாயிரவர் இன்றும் வாழ்கின்றனர். குவாத்திமாலாவில் 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இறந்தோரும் காணாமற் போனோரும் இரண்டு நூறாயிரத்துக்கு மேற்பட்டோர். அடையாளம் தெரிந்தவருள் 83 விழுக்காட்டினர் மாயர் என்று 1999-இல் உண்மையறியும் குழு அறிவித்தது. அக்கொலைக்காலத்தின் நடுவிலேயே, 1987-இல், தம் மொழிகளுக்கென ஒரு பொது எழுத்துமுறைக்கு அரசின் ஒப்புதலைப் பெற்றனர். 1990-இல் மாய மொழிகளுக்கெனத் தனிக் கழகமும் சட்டத்தால் அமைந்தது. குனோரோசோவ் தம் வாழ்நாளில் முதன்முறையாகக் குவாத்திமாலா மண்ணை மிதித்ததும் அதே 1990-இல்தான். 1999-இல் மறைந்தார்.

1980-களின் இறுதியில், இலிண்டா சீலும் அவர் தோழர்களும் குவாத்திமாலாவில் மாய ஆசிரியர்க்கும் மொழியாளர்க்கும் பழைய எழுத்தைக் கற்பிக்கத் தொடங்கினர். கற்க வந்தோர் வீட்டில் பேசும் மொழியின் துணையால், மேலைநாட்டார்க்கு விளங்காத வினைமுடிபுகளைச் சுட்டிக்காட்டினர். தம் பெயர்களை அசையசையாய் எழுதிப் பார்த்தனர். நானூறாண்டுக்கு முன் இலாந்தாவின் எதிரில் அமர்ந்த எழுத்தன் ஏட்டில் விட்டுச்சென்ற 'மா இன் காத்தி' என்னும் தொடரையும் இன்று அவன் மொழியினர், எவர் துணையுமின்றி, வாய்விட்டுப் படிக்கின்றனர்.